ஒரே இலைப் படம், மூன்று புட்டிகள்

இந்தியாவில் விற்பனையாகும், உள்ளுக்குச் சாப்பிடும் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து எதிலாவது நச்சுத்தன்மை உள்ள சரக்கு சேர்ந்திருந்தால், அதன் லேபிளில் ஓர் எச்சரிக்கை இருந்தாக வேண்டும். மருத்துவரின் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளில் 161ஆம் விதி இதைக் கட்டாயமாக்குகிறது. எந்தெந்தச் சரக்குக்கு இது பொருந்தும் என்பதை ஈ(1) அட்டவணை சொல்கிறது. அபினி, எட்டி, சேராங்கொட்டை ஆகியவற்றோடு, விதை நீங்கலாகக் கஞ்சாச் செடியும் அதில் இருக்கிறது. எச்சரிக்கை எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதையும் விதியே வரையறுத்துவிட்டது: ஆங்கிலமும் இந்தியும். மயிலாப்பூரில் மூட்டு வலிக்கு 'விஜயா' எண்ணெய் வரவழைத்துத் தடவியும் குடித்தும் பார்க்கும் ஒரு மூதாட்டி தமிழ் மட்டுமே படிப்பவராக இருந்தால், அந்தப் புட்டியில் அவருக்கென்று எந்த எச்சரிக்கையும் இல்லை. 'விஜயா' என்பது கஞ்சாவுக்கு ஆயுர்வேதம் வழங்கும் பெயர் என்பதைக்கூட அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த ஒரு வரியைத் தமிழிலும் அச்சிடுவது பெரிய காரியம் இல்லை. அது இல்லாதது இத்தனை காலம் மருந்தாளுநர்களான எங்கள் தொழிலில் யாரையும் உறுத்தவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கஞ்சாவைப் பற்றி இந்த ஊரில் இரண்டு குரல்கள்தான் கேட்கின்றன. ஒன்று காவல்துறையுடையது. 2021 டிசம்பரில் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்கியதிலிருந்து, இத்தனை கிலோ பிடிபட்டது, இத்தனை பேர் கைது என்ற செய்தி வராத வாரம் குறைவு. மற்றொன்று கைபேசி வழியாக வருவது. புற்றுக்கட்டி கரையும், வலிப்பு நிற்கும், தூக்கம் வரும், பக்கவிளைவே கிடையாது என்று அது சத்தியம் செய்கிறது. இந்தப் பொருள் உடம்புக்குள் போய் என்ன செய்யும், எந்த அளவில் செய்யும், ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்கள், செவிலியர்கள், என்னைப் போன்ற மருந்தாளுநர்கள். நாங்கள் வாய் திறப்பதில்லை. சட்டவிரோதமான சமாச்சாரம், நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கிக்கொள்கிறோம். மருந்தியல் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சட்டத்தை உட்கார வைத்துவிட்டோம். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கு என்று வாதாடுவது என் நோக்கம் அல்ல. சட்டம் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும். அப்படி இருக்கும்போதே வாங்குபவருக்கும் வைத்தியம் பார்ப்பவருக்கும் இதைப் பற்றி முறையாகச் சொல்லித்தர முடியும், சொல்லித்தர வேண்டும் என்பதே என் கட்சி.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் செடி முழுவதையும் தடை செய்யவில்லை. பிசின் சரஸ் எனப்படுகிறது. பூவும் காயும் உள்ள நுனிக்கொத்து கஞ்சா எனப்படுகிறது. இவை இரண்டும் குற்றம். நுனிக்கொத்தோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. வட இந்தியாவில் ஹோலிக்குப் பாங் அரைப்பது இந்த இடைவெளியில்தான். இணையத்தில் விற்பனையாகும் விஜயா எண்ணெய்களும், இலையிலிருந்து எடுத்த சாறு என்ற பெயரில், ஆயுஷ் உரிமத்தோடு இதே வழியாகத்தான் வருகின்றன. 2021இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்க அனுமதித்தது. ஆக, ஒரே ஐவிரல் இலைப் படத்தோடு மூன்று விதமான புட்டிகள் ஒரு வீட்டுக்குள் வரலாம். முதலாவது விதை எண்ணெய். நல்லெண்ணெய் போல அது உணவுப் பொருள். போதையும் இல்லை, மருந்துச் சத்தும் இல்லை என்றே சொல்லலாம். இரண்டாவது இலைச் சாறு. அதில் போதை தரும் டிஎச்சியும் இருக்கும், போதை தராத சிபிடியும் இருக்கும். மூன்றாவது வெளிநாட்டிலிருந்து வரும் சுத்திகரித்த சிபிடி, அல்லது சிபிடி என்று சொல்லிக்கொள்ளும் ஏதோ ஒன்று. இவற்றைப் பிரித்தறிய மருந்தியல் பட்டம் வேண்டியதில்லை. 14 இலக்க உணவு உரிம எண் இருந்தால் அது சமையலறைச் சரக்கு. ஆயுஷ் உற்பத்தி உரிம எண் இருந்தால் அது மருந்து, மருத்துவர் பார்க்காமல் தொடக்கூடாதது. இரண்டும் இல்லாவிட்டால் அதை வாயில் வைக்க வேண்டாம். இந்த மூன்று வாக்கியத்தைத் தமிழில் ஒரு அட்டையில் அச்சிட்டுத் தி.நகரிலும் அடையாறிலும் உள்ள மருந்துக் கடைகளில் தொங்கவிட்டால், குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

மீதிக் குழப்பம் கணக்கில் இருக்கிறது. மருந்தாளுநரின் தொழிலே கணக்குதான் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2018 ஜூனில் அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் 'எபிடியோலெக்ஸ்' என்ற மருந்துக்கு ஒப்புதல் தந்தது. குழந்தைகளைப் பிடிக்கும் இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்கானது அது: லெனாக்ஸ் காஸ்டோ, டிராவே. மற்ற மருந்துகளுக்கு அடங்காத வலிப்பு அதில் குறைந்தது என்பது முறையான ஆய்வுகளில் நிரூபணமானது. அந்தச் செய்தி இங்கே வந்து சேரும்போது 'கஞ்சா எண்ணெய் வலிப்பைக் குணமாக்கும்' என்று சுருங்கிவிட்டது. எபிடியோலெக்ஸ் சுத்தமான சிபிடி. ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். தொடக்கத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 5 மில்லிகிராம் கொடுத்து, ஒரு வாரம் கழித்து அதை 10 ஆக்குவார்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளைக்கு 200 மில்லிகிராம், அதாவது 2 மில்லி. இப்போது 30 மில்லி புட்டியில் '1000 மில்லிகிராம் விஜயா சாறு' என்று அச்சிட்ட எண்ணெய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மில்லிக்கு 33 மில்லிகிராம் சாறு வரும். அது சாறு, சிபிடி அல்ல. அதில் சிபிடி எவ்வளவு, டிஎச்சி எவ்வளவு என்று லேபிளில் இல்லாவிட்டால், தாய் ஊற்றும் ஒவ்வொரு சொட்டும் குருட்டுக் கணக்கு. ஆய்வில் கொடுத்த அளவை எட்ட வேண்டுமென்று எண்ணெயைக் கூட்டிக் கொடுத்தால், சிபிடி ஏறுவதற்கு முன்பே குழந்தையின் தலைக்குள் டிஎச்சி ஏறிவிடலாம். அன்பும் அக்கறையும் உள்ள பெற்றோர்தான் இந்தத் தவறைச் செய்வார்கள். அவர்களைக் கண்டித்துப் பயன் இல்லை. கணக்கைச் சொல்லித்தர வேண்டும். சாறு எத்தனை மில்லிகிராம், அதில் சிபிடி எத்தனை, டிஎச்சி எத்தனை என்ற மூன்று எண்ணும் தனித்தனியாக இல்லாத புட்டியை வாங்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். அந்த எண்களை அச்சிடும்படி உற்பத்தியாளரை அரசும் கட்டாயப்படுத்த வேண்டும்.

இந்த எண்ணெய் மற்ற மருந்துகளோடு மோதுவது இதைவிட ஆபத்தானது, இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது. கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகள் சிலவற்றைச் சிபிடி தடுக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் குளோபசாம், எங்கள் கடைகளில் ஃப்ரிசியம் என்று கேட்டு வாங்குவது, உடம்பில் இன்னொரு பொருளாக மாறி வேலை செய்யும். சிபிடி சேர்ந்தால் அந்தப் பொருளின் அளவு ரத்தத்தில் சுமார் மூன்று மடங்காகிவிடுகிறது. பிள்ளை தூங்கித் தூங்கி விழுந்தால், எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது என்று வீட்டில் மகிழ்வார்கள். வால்ப்ரோயேட்டோடு சேர்த்துக் கொடுத்தால் கல்லீரல் நொதிகள் ஏறக்கூடும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் அது தெரியவே தெரியாது. இதயத் துடிப்பு தப்பியதற்காகவோ செயற்கை வால்வு பொருத்தியதற்காகவோ ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுபவர்கள் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்த்து, அதற்கேற்ப அரை மாத்திரை கூட்டிக் குறைத்துக் கத்திமுனையில் நடக்கும் சிகிச்சை அது. வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்த ஒரு நோயாளிக்குச் சிபிடியைக் கூட்டக் கூட்ட ஐஎன்ஆரும் ஏறி, வார்ஃபரினைச் சுமார் 30 சதவீதம் குறைக்க வேண்டி வந்தது என்று அமெரிக்காவில் பதிவான ஒரு குறிப்பு இருக்கிறது. அசிட்ரோமையும் பெரும்பாலும் அதே நொதிதான் உடைக்கிறது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர் சாப்பிடும் டாக்ரோலிமஸும் சிபிடியால் ஏறும்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் மருத்துவர் ஏன் தடுப்பதில்லை? அவருக்கு விஷயமே தெரியாது என்பதுதான் காரணம். சென்னையில் ஒரு நோயாளியின் வைத்தியம் இரண்டு பைகளில் நடக்கிறது. ஒரு பையில் இங்கிலீஷ் மருந்து, இன்னொன்றில் நாட்டு மருந்து. முதல் பையை எழுதிக் கொடுத்தவரிடம் இரண்டாவதைத் திறந்து காட்டும் வழக்கம் நம்மிடம் இல்லை. சொன்னால் டாக்டர் திட்டுவார் என்ற பயம் எல்லா நாட்டு மருந்துக்கும் உண்டு. கஞ்சா கலந்தது என்றால் பயத்தோடு வெட்கமும் போலீஸ் நினைப்பும் சேர்ந்துகொள்கின்றன. விஜயா எண்ணெயை எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் வேறெங்கோ இருந்து வீடியோ அழைப்பில் பார்க்கும் ஆயுஷ் மருத்துவர். அவருக்கு இந்த நோயாளியின் அசிட்ரோம் தெரியாது. அடையாறில் இருக்கும் இதய மருத்துவருக்கு எண்ணெய் தெரியாது. இரண்டு சீட்டும் ஒரே இடத்தில் சந்திக்க வாய்ப்பிருப்பது, மாதாமாதம் அதே மாத்திரையை வாங்க வரும் மருந்துக் கடையில் மட்டும்தான். ஆனால் ஆயுஷ் மருந்து விற்கத் தனி விற்பனை உரிமமே தேவையில்லை என்பதால் அந்தப் புட்டி எங்கள் கடைக்கு வராமல் கூரியரில் நேராக வீட்டுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் மருந்தாளுநர் கேட்டாக வேண்டும் என்கிறேன். கேட்கும் விதத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும். 'கஞ்சா ஏதாவது சாப்பிடுறீங்களா?' என்று எடுத்தவுடன் கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். 'ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க எல்லார்கிட்டயும் இதைக் கேட்கிறோம்மா. தூக்கத்துக்கோ வலிக்கோ ஏதாவது எண்ணெய், லேகியம், வெளிநாட்டு மிட்டாய் சாப்பிடறீங்களா?' என்று கேட்டால் பதில் வரும். எல்லாரிடமும் கேட்கிறோம் என்ற சொல்தான் அங்கே வெட்கத்தைப் போக்குகிறது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று ஒன்று இருக்கிறது. இதைப் படிக்காமல் எந்த மருத்துவ மாணவரும் தேர்ச்சி பெறக் கூடாது என்று சொல்வேன். கஞ்சா குடித்துத்தான் பைத்தியக்கார விடுதிகள் நிரம்புகின்றன என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்ததும், 1893இல் இந்தியக் கஞ்சா ஆணையத்தை அமைத்தார்கள். மேக்வொர்த் யங் தலைமையில் மாகாணம் மாகாணமாகப் போய் 1,193 சாட்சிகளைக் கேட்டு, 1894இல் அது பல தொகுதிகளாக அறிக்கை தந்தது. சென்னை மாகாணத்திலும் விசாரணை நடந்தது. 1892இல் இந்திய விடுதிகள் அனைத்திலும் சேர்ந்த 1,344 பேரில் 222 பேருக்குக் கஞ்சாதான் காரணம் என்று பதிவேடுகளில் எழுதியிருந்தது. ஆணையம் ஒவ்வொரு வழக்காகத் திரும்பத் தோண்டிப் பார்த்தது. காரணம் என்ற கட்டத்தை நிரப்பியவர் பல வழக்குகளில் மருத்துவரே இல்லை. பிடித்துக்கொண்டு வந்த போலீஸ்காரரோ மாஜிஸ்திரேட்டின் குமாஸ்தாவோ ஒரு சொல்லை எழுதினார். விடுதியில் அதை அப்படியே பெயர்த்து எழுதினார்கள். விசாரித்த பிறகு 98 வழக்குகளில்தான் கஞ்சாவுக்குப் பங்கிருப்பதாகச் சொல்ல முடிந்தது. கஞ்சா மட்டுமே காரணம் என்று சொல்லக்கூடியவை 61. இதை எடுத்துக்காட்டிக் கஞ்சாவால் கெடுதலே இல்லை என்று முழங்குபவர்கள் உண்டு. அவர்கள் அந்த 61ஐப் படிப்பதில்லை. நான் இதில் காண்பது வேறு. வைத்தியம் பார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்வியைக் காவலர் கேட்டு, காவலரின் பதிலை வைத்தியர் எழுதிக்கொண்டார். தீங்கைச் சொன்ன எண்ணிக்கையும் பொய்யானது, தீங்கில்லை என்ற வாதத்துக்கும் இடம் கிடைத்தது. நூற்று முப்பது ஆண்டுகள் கழித்தும் கஞ்சாவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பெரும்பாலான எண்கள் மருத்துவமனையிலிருந்து வருவதில்லை, காவல் நிலையத்திலிருந்துதான் வருகின்றன.

அப்படியானால் சொல்லித்தர வேண்டியது என்ன? இரண்டு பக்கமும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2017இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் ஆய்வுகளை எல்லாம் அலசி, கீமோவால் வரும் வாந்தி, பெரியவர்களின் நாள்பட்ட வலி, மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோயில் வரும் தசை இறுக்கம் ஆகியவற்றுக்குக் கஞ்சாவோ அதன் கூறுகளோ உதவும் என்பதற்கு வலுவான சான்று இருப்பதாகச் சொன்னன. 2021இல் வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் இதே வலியைப் பார்த்துவிட்டு, சான்று போதாது, எங்களால் பரிந்துரைக்க முடியாது என்றது. இரண்டும் நேர்மையான அமைப்புகள். இந்த முரண்பாட்டை மறைக்காமல் நோயாளியின் முன் வைக்கத் தெரிந்தவரே நல்ல மருத்துவர். புற்றுநோயைக் கஞ்சா கரைக்கும் என்பதில் முரண்பாடே இல்லை; மனிதர்களில் அதற்குச் சான்று கிடையாது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆய்வுக்கு வெளியே புற்றுநோய்க்கு எதிரான சிகிச்சையாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதே வழிகாட்டுதல், நோயாளி பயன்படுத்துகிறாரா என்று வழக்கமாகவும், குற்றம் காணாமலும் கேட்க வேண்டும் என்றும் மருத்துவர்களுக்குச் சொல்கிறது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு ஊரெங்கும் இருந்து நோயாளிகள் வந்து, சுற்றுவட்டாரத்தில் வாடகைக்குத் தங்கிச் சிகிச்சை பெறுகிறார்கள். அவர்களில் யாராவது கீமோவை விட்டுவிட்டு எண்ணெயை நம்பினால் அந்த இழப்பை யாராலும் ஈடுகட்ட முடியாது. புற்றுநோயையும் வலிப்பையும் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மந்திர மருந்துகள் சட்டப்படி குற்றம் என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். குணமாகும் என்று அடித்துச் சொல்லும் விளம்பரத்தையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளப் பழக்க வேண்டும்.

தீங்கின் பக்கத்திலும் பொத்தாம்பொதுவாகப் பேசினால் போதாது. ஸ்வீடனில் ராணுவத்தில் சேர்ந்த சுமார் 45,000 இளைஞர்களைப் பின்தொடர்ந்து 1987இல் வெளிவந்த ஆய்வில், 18 வயதுக்குள் ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019இல் வெளியான இன்னோர் ஆய்வில், டிஎச்சி செறிவு கூடிய சரக்கைத் தினமும் பயன்படுத்துபவர்களுக்கு மனப்பிறழ்வு நோய் (சைக்கோசிஸ்) வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. காரண காரியத்தைப் பற்றி விவாதம் தொடர்ந்தாலும், இளம் வயது, தினசரிப் பழக்கம், செறிவு, குடும்பத்தில் மனநோய் ஆகிய நான்கும் சேரும் இடத்தில் ஆபத்து கூடுகிறது என்பதில் மனநல மருத்துவர்களிடையே பெரிய சந்தேகம் இல்லை. ஒரு கல்லூரி மாணவனுக்கு 'போதை உயிரைக் குடிக்கும்' என்ற வாசகத்தைவிட இந்த நான்கும் உதவும். நண்பன் செத்துப்போகவில்லை என்பதை அவன் கண்ணால் பார்க்கிறான், அதனால் வாசகத்தை நம்ப மாட்டான். தன் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு இருந்தது என்பதை அவன் மறக்க மாட்டான். பொது மருத்துவருக்கும் இப்படி நுணுக்கமான விஷயங்கள் வேண்டும். பல வருடம் தினமும் புகைப்பவருக்கு விடாமல் வாந்தி வரும், வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்கும் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2004இல் முதலில் விவரித்தார்கள். அது தெரியாவிட்டால் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று பணம் கரையும். மயக்க மருந்து கொடுப்பவர் அறுவைக்கு முன் எல்லா நோயாளியிடமும் கஞ்சாப் பழக்கம் பற்றிக் கேட்க வேண்டும் என்று 2023இல் அமெரிக்காவில் வழிகாட்டுதலே வந்துவிட்டது; பழக்கம் உள்ளவருக்கு மயக்க மருந்தின் தேவை மாறலாம். மகனின் சிறுநீரைச் சோதிக்கக் கிட் வாங்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: தொடர்ந்து புகைத்தவருக்கு நிறுத்தி வாரக்கணக்கில் ஆன பிறகும் அது பாசிட்டிவ் காட்டும். நேற்றிரவு என்ன நடந்தது என்பதை அந்தக் கோடு சொல்லாது. மனம் மாறி நிறுத்திய பிள்ளையைப் பொய்யன் ஆக்கிவிடும்.

இப்படியெல்லாம் விவரமாகப் பேசினால் ஆசையைத் தூண்டிவிட மாட்டோமா என்பது நியாயமான கேள்வி. பயமுறுத்துவது வேலை செய்யும் என்றால் நானும் அதையே செய்யச் சொல்வேன். லாஸ் ஏஞ்சலீஸில் 1983இல் தொடங்கி, சீருடை அணிந்த போலீஸ்காரரையே வகுப்பறைக்கு அனுப்பிய 'டேர்' திட்டத்தை அமெரிக்கா பல ஆண்டுகள் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு நடத்தியது. போதைப் பழக்கத்தை அது குறிப்பிடும்படிக் குறைக்கவில்லை என்று 1994லேயே ஆய்வுகளின் தொகுப்பு காட்டிவிட்டது. மறுபக்கம், கனடா 2018 அக்டோபரில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி, பிறகு கஞ்சா மிட்டாய்க்கும் கடை திறந்தபோது, தெரியாமல் தின்று மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. மிட்டாய் வடிவத்தை அனுமதிக்காத கியூபெக் மாகாணத்தில் அந்த உயர்வு குறைவாக இருந்தது. தீங்கைக் கூட்டியது தகவல் அல்ல, கடையும் மிட்டாயும்தான் என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். டொரன்டோவிலும் கலிபோர்னியாவிலும் பிள்ளைகள் வீட்டில் ஆறு மாதம் தங்கப் போகும் தென்சென்னைப் பெற்றோருக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. முழங்கால் வலிக்கு என்று மருமகள் அன்போடு தரும் கம்மி மிட்டாயில் டிஎச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகையைப் போல உடனே ஏறாது, அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும். ஒன்றும் செய்யவில்லையே என்று இரண்டாவதைத் தின்றால் இரண்டும் சேர்ந்து ஏறி, தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். பேரக்குழந்தைக்கு எட்டும் இடத்தில் டப்பாவை வைக்கக் கூடாது. மிச்சத்தைப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவரவும் கூடாது. அங்கே கடையில் விற்கும் பொருள் இங்கே விமான நிலையத்தில் குற்றம். வழியில் சிங்கப்பூர் என்றால் இன்னும் கடுமை.

சட்டவிரோதமான ஒன்றுக்காக நெருக்கடியான பாடத்திட்டத்தில் இடம் கேட்பானேன், சாராயம்தானே இங்கே பெரிய பிரச்சினை என்று மருத்துவ ஆசிரியர்கள் கேட்கிறார்கள். சாராயம் பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வில், 10 முதல் 75 வயதுக்குள் மது அருந்துபவர்கள் 14.6 சதவீதம், முந்தைய ஓராண்டில் பாங், கஞ்சா, சரஸ் ஏதேனும் பயன்படுத்தியவர்கள் 2.8 சதவீதம். ஆனால் அந்த 2.8 சதவீதம் என்பது 3.1 கோடிப் பேர். அவர்களில் சுமார் 72 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுகிறது என்கிறது அதே ஆய்வு. எம்பிபிஎஸ் படிப்பில் மனநலத் துறைக்கே சில வாரங்கள்தான் கிடைக்கின்றன என்பது உண்மை. அதற்காகத் தனிப் பாடம் கேட்கவில்லை. மருந்தியல் வகுப்பில் நொதி மோதலுக்கு உதாரணமாகச் சிபிடி வரட்டும். வாந்தியைப் படிக்கும்போது வெந்நீர்க் குளியல் வரட்டும். நோயாளியின் நோய் வரலாறு கேட்கும் பயிற்சியில் கஞ்சா பற்றிய கேள்வியும் ஒன்றாக இருக்கட்டும். மதுவுக்கு இந்த ஊரில் இது நடந்திருக்கிறது. 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய, அடையாறு இந்திரா நகரில் உள்ள டிடிகே மருத்துவமனை, குடி என்பது ஒழுக்கக்கேடு அல்ல, சிகிச்சை தர வேண்டிய நோய் என்ற எண்ணத்தைக் குடும்பங்களுக்குள் கொண்டு சேர்த்தது. போதைச் சட்டத்தின் 64ஏ பிரிவுகூட, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொள்ளும் அடிமைக்கு, சிறு அளவு வழக்குகளில், குற்ற நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு தருகிறது. இந்தப் பிரிவைப் பற்றிப் பெற்றோருக்கும் தெரியவில்லை, பல மருத்துவர்களுக்கும் தெரியவில்லை. சிகிச்சைக்கு வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து மறைந்திருக்கும் இளைஞனிடம் முதலில் சொல்ல வேண்டியதே இதுதான்.

சித்த மருத்துவர்களின் ஆட்சேபம் வேறு வகையானது. கோரக்கர் மூலி என்று பெயரிட்டு, சுத்தி முறை வகுத்து, அளவும் அனுபானமும் சொல்லிக் காலங்காலமாகக் கையாண்டது எங்கள் மருத்துவம். நேற்று வந்தவர்கள் எங்களுக்குப் பாடம் எடுப்பதா என்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்து கல்கத்தாவுக்கு வந்த மருத்துவர் ஓஷானசி 1839இல் மேற்கத்திய மருத்துவத்துக்குக் கஞ்சாவை அறிமுகம் செய்தபோது, முதலில் இந்நாட்டு நூல்களையும் வைத்தியர்களையும்தான் கேட்டார். ஆனால் மரபு சொன்ன அளவு, மரபு அறிந்த நோயாளிக்குச் சொன்னது. அந்த நோயாளி அசிட்ரோம் சாப்பிடவில்லை, அவருக்குச் சிறுநீரகம் மாற்றவில்லை. மரபை மதிப்பவர்தான் இந்தப் புதிய நோயாளியைப் பற்றிக் கூடுதலாகக் கற்க வேண்டும். அதற்கான இடமும் நம் ஊரிலேயே இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம், ஆயுஷ் மருந்துகளின் பாதகமான விளைவுகளைப் பதிவு செய்யும் வலையமைப்பில் ஓர் இடைநிலை மையம். இங்கிலீஷ் மருந்துகளுக்கு 2010 முதல் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே புகார் சொல்லலாம். இரண்டு கண்காணிப்பும் தனித்தனிக் குழாய்களில் ஓடுகின்றன. எண்ணெயும் அசிட்ரோமும் சேர்ந்து ஒருவருக்கு ஈறில் ரத்தம் கசிந்தால், அந்த விவரம் எந்தக் குழாயில் போகும்? என் யோசனை எளிது. படிவத்தில் 'உடன் எடுத்துக்கொள்ளும் மருந்துகள்' என்று ஒரு கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதை நிரப்பும்போது எண்ணெயின் பெயர், உரிம எண், நாளைக்கு எத்தனை சொட்டு, எந்தத் தேதியில் தொடங்கியது என்ற நான்கையும் எழுத மருந்தாளுநர்களுக்குப் பயிற்சி தரலாம். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு கடைகளில் ஓராண்டு இதைச் செய்து, எழுதிய படிவத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்பினால், இந்தப் புட்டிகள் நம் வீடுகளில் என்ன செய்கின்றன என்பதற்குக் காவல் நிலையத்திலிருந்து வராத எண்கள் சில கையில் இருக்கும்.